பென்சன் காசும் மருந்துத் துண்டும்

மருந்தாளர், கொக்குவில்:

பென்சன் வந்த கையோடு பாதி பாமசிக்குப் போகிறது என்று இந்தக் குழுவில் ஓய்வூதியர் பலர் எழுதியிருக்கிறீர்கள். செலவைக் குறைக்க வழி கேட்டவர்களுக்கு முதலில் ஒரு வேலை. வீட்டிலுள்ள குளிசை எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஒவ்வொரு காட்டிலும் (குளிசை அடைத்து வரும் அட்டையிலும்) சின்ன எழுத்தில் இருக்கும் பெயரை ஒரு தாளில் எழுதுங்கோ. பெரிய எழுத்தில் இருப்பது கொம்பனி வைத்த பெயர். சின்ன எழுத்தில் இருக்கும் லொசாட்டன், அம்லோடிபின், அற்றோவாஸ்ரற்றின், மெற்போமின் என்பவைதான் மருந்து. பெயருக்குப் பக்கத்தில் மில்லிகிராமையும், ஒரு நாளைக்கு எத்தனை என்பதையும் எழுதுங்கோ. இந்தத் தாள் இல்லாமல் விலை குறைக்கும் கதை ஒன்றும் நடக்காது.

இனி அந்தத் தாளோடு பாமசிக்குப் போய் "லொசாட்டன் 50, ஒரு குளிசை எவ்வளவு? இதே மருந்து வேறு கொம்பனியில் என்ன விலை?" என்று கேளுங்கோ. காட் விலையைக் கேட்டால் ஏமாறுவீர்கள். ஒரு காட்டில் 10 இருக்கும், இன்னொன்றில் 14 அல்லது 15 இருக்கும். ஒரு குளிசையின் விலையை 30 ஆல் பெருக்கினால்தான் மாதக் கணக்குச் சரியாக வரும். நகரிலுள்ள அரச மருந்துக்கடையான ஒசுசலவிலும் அதே தாளைக் காட்டிக் கேளுங்கோ. 1971 இல் பேராசிரியர் சேனக பிபிலே முன்னின்று அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை அமைத்ததே, கொம்பனிப் பெயருக்குக் காசு கொடுக்காமல் சனம் மருந்தை வாங்கவேண்டும் என்பதற்காகத்தான். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க மருந்துச் சட்டமும் வைத்தியர் எழுதும் துண்டில் மருந்தின் பொதுப்பெயரை எழுதச் சொல்கிறது. ஆகவே வைத்தியரிடம் "டொக்டர், மருந்தின் பெயரையும் எழுதித் தாங்கோ" என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

காசு அதிகம் மிஞ்சுவது வேறு இடத்தில். தனியார் இடத்தில் சனல் பண்ணி (காசு கட்டி வைத்தியரிடம் நேரம் எடுத்து) காட்டியதும் புதிதாக வந்த மருந்தொன்றை எழுதிவிடுவார்கள். அது இலவசமாக மருந்து தரும் அரச கிளினிக்கில் இருக்காது, சாகும் வரைக்கும் வெளியில் வாங்கவேண்டியதாகிவிடும். துண்டு எழுதும்போதே "நான் அரச கிளினிக்கில் மருந்து எடுக்கிறனான், அங்கே இருக்கிற மருந்தாக எழுதலாமா?" என்று கேளுங்கோ. கொலஸ்ரோலுக்கு ரோசுவாஸ்ரற்றினுக்குப் பதில் அற்றோவாஸ்ரற்றின், பிரஷருக்கு ரெல்மிசாட்டனுக்குப் பதில் லொசாட்டன் பலருக்குப் பொருந்தும். சிலருக்குப் பொருந்தாது, அதை வைத்தியர்தான் சொல்லவேண்டும். நீங்களாகவே மாற்றிவிடாதேங்கோ, மில்லிகிராம் ஒன்றுக்கு ஒன்று சமனாக வராது. ரோசுவாஸ்ரற்றின் 10 எடுத்தவர் அற்றோவாஸ்ரற்றின் 10 வாங்கிப் போட்டால் கொலஸ்ரோல் திரும்ப ஏறும்.

குளிசையைப் பாதியாக உடைத்து மிச்சம் பிடிக்கலாமா என்று ஒரு அம்மா கேட்டிருந்தா. நடுவில் கோடு போட்ட குளிசையை, வைத்தியர் சரி என்றால், பாதியாக்கலாம். பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று இருந்தால் உடைக்கவும் கூடாது, இடிக்கவும் கூடாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கவேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். குடலில் கரையவேண்டும் என்று மேலே பூச்சுப் போட்ட குளிசைக்கும் இதே விதிதான்.

தாதி, வடமராட்சி:

அண்ணை குளிசையைச் சொல்லிவிட்டார், நான் இன்சுலினைச் சொல்கிறேன். காசும் உயிரும் ஒன்றாகப் போகிற இடம் அது.

கிளினிக்கில் தருகிற கலவை இன்சுலின் குப்பி 10 மில்லிலீற்றர். ஒரு மில்லிலீற்றரில் 100 அலகு, ஆக முழுக் குப்பியில் 1000 அலகு. காலையில் 20, பின்னேரம் 10 போடுகிறவருக்கு 30 நாளைக்கு 900 அலகு வேண்டும். ஒரு குப்பி கிட்டத்தட்ட ஒரு மாதத்துக்குக் காணும். காலை 26, பின்னேரம் 14 என்றால் மாதம் 1200, ஒரு குப்பி 25 நாளில் முடிந்துவிடும். கிளினிக் நாளில் இந்தக் கணக்கைச் சொல்லிக் கேட்டால் இரண்டாவது குப்பியை எழுதுவார்கள். சொல்லாமல் வந்து கடைசி ஐந்து நாளுக்கு வெளியில் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். திறந்த குப்பியில் மிச்சம் இருந்தாலும் 28 நாளுக்குப் பிறகு எறிவது நல்லது. திறந்த திகதியை மூடிக்குப் பக்கத்தில் பேனையால் எழுதி ஒட்டுங்கோ.

இந்தியாவில் விலை குறைவென்று போய்வருகிறவர்களிடம் இன்சுலின் சொல்லி எடுப்பது இப்போது கூடியிருக்கிறது. மிகக் கவனம். அங்கே மில்லிலீற்றருக்கு 40 அலகு உள்ள குப்பியும் விற்கிறார்கள். எங்களிடம் உள்ள ஊசி 100 அலகு ஊசி, மூடி செம்மஞ்சள் நிறம். அந்த ஊசியில் 20 என்ற கோடு வரைக்கும் 40 அலகுக் குப்பியிலிருந்து எடுத்தால் உடம்புக்குள் போவது 8 அலகுதான். சீனி 300க்கு மேல் நிற்கும், சாப்பாட்டில்தான் பிழை என்று நினைப்பீர்கள். மறுபுறம், சிவப்பு மூடியுள்ள 40 அலகு ஊசியில் எங்கள் குப்பியிலிருந்து 20 கோட்டுக்கு எடுத்தால் 50 அலகு போகும். இரவில் சீனி விழுந்து ஆள் எழும்பாமலே போகலாம். குப்பியில் எழுதியிருக்கும் இலக்கமும் ஊசியில் எழுதியிருக்கும் இலக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். கண் தெரியாத ஆட்களுக்குப் பேரப்பிள்ளை வாசித்துச் சொல்லட்டும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இரண்டு மண்சட்டி எடுத்து, இடையில் ஈரமணல் போட்டு, உள்சட்டியில் குப்பியைப் பொலித்தீன் சுற்றி வைத்து மூடுங்கோ. மணலைக் காலையும் மாலையும் நனைக்கவேண்டும். பாவித்துக்கொண்டிருக்கும் குப்பிக்கு இது காணும். திறக்காத குப்பிக்கு 2 இலிருந்து 8 பாகை வேண்டும், அயல்வீட்டுப் பெட்டியின் கீழ்த்தட்டில் கொடுத்து வையுங்கோ. மேலே ஐஸ் அறைக்குள் வைத்து உறைந்துபோன குப்பியை உருக்கிப் பாவிக்கக் கூடாது, எறியத்தான் வேண்டும்.

சீனி பார்க்கும் மெசினை யாராவது சும்மா தந்தாலும், வாங்குமுன் அதில் இரத்தம் தொட்டு வைக்கும் பட்டியின் விலையைக் கேளுங்கோ. மெசின் ஒருமுறைச் செலவு, பட்டி காலம் முழுக்கச் செலவு. சீனி வருத்தத்துக்கு மெற்போமின் மாத்திரம் எடுக்கிறவர் நாளுக்கு மூன்று தரம் குத்திப்பார்க்கத் தேவையில்லை. இன்சுலின் போடுகிறவரும், கிளிகிளாசைட் போன்ற சீனியை விழுத்தக்கூடிய குளிசை எடுக்கிறவரும் பட்டியில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

லிகிதர், நல்லூர் (ஓய்வூதியக் கிளையில் இருந்தவர்):

காப்புறுதி பற்றிக் கேட்டவர்களுக்கு. அரச ஊழியருக்கும் ஓய்வூதியருக்குமான அக்ரஹார காப்புறுதி இருக்கிறது, மாதாமாதம் காசு கழிகிறது, பிறகேன் பிரஷர்க் குளிசைக்குக் காசு தருகிறார்கள் இல்லை என்று மனவருத்தப்படுகிறீர்கள். அது ஆஸ்பத்திரியில் தங்கிச் செய்யும் வைத்தியத்துக்கும் பெரிய சத்திரசிகிச்சைக்குமென்றே அமைந்த திட்டம். மாதக் குளிசைச் செலவை அதிலிருந்து எதிர்பார்த்துக் குடும்பக் கணக்குப் போடாதேங்கோ. குளிசைக்கு வழி அரச கிளினிக், படுக்கைக்கு வழி காப்புறுதி. இரண்டையும் வேறாக வைத்துப் பாருங்கோ.

உங்களுடைய ஓய்வூதியத்தில் அந்தக் கழிவு உண்மையில் போகிறதா என்று முதலில் பாருங்கோ. சிலர் உறுப்பினர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், கழிவே இருக்காது. சந்தேகம் இருந்தால் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியக் கிளையில் ஓய்வூதிய இலக்கத்தையும் அடையாள அட்டையையும் கொடுத்துக் கேட்கலாம். நோய் வந்தபிறகு அல்ல, இப்போதே.

கோரிக்கை திரும்பி வருவது பெரும்பாலும் கடதாசிப் பிழையால். பில்லில் நோயாளியின் பெயர், திகதி, மருந்துகளின் பெயர் தனித்தனியாக இருக்கவேண்டும். "மருந்து வகைகள்" என்று ஒரே வரியில் மொத்தத் தொகை போட்ட பில்லை ஏற்கமாட்டார்கள். பில்லில் உள்ள பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கட்டும். தகப்பன் பெயர் முன்னாலும் பின்னாலும் மாறி நிற்பது எங்கள் ஆட்களுக்கு எப்போதும் வரும் பிரச்சினை. நோய் நிர்ணய அட்டையை வெளியேறும் நாளிலேயே கேட்டு எடுங்கோ, அதில் அனுமதித்த திகதி, விட்ட திகதி, நோயின் பெயர், கையொப்பம், முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று வாசலைத் தாண்டுமுன் பாருங்கோ. இன்னொன்று, இப்போது பாமசிகளில் தரும் வழுவழுப்பான பில் சூட்டில் அச்சாகும் தாள். பேர்சுக்குள் இரண்டு மாதம் கிடந்தால் வெறும் வெள்ளையாகிவிடும். வாங்கிய அன்றே போட்டோக் கொப்பி எடுத்து, மூலத்தோடு சேர்த்துப் பின் அடியுங்கோ.

தனியார் காப்புறுதி எடுக்க நினைக்கிறவர்கள் நாலு விடயத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கோ: எந்த வயது வரைக்கும் புதுப்பிப்பார்கள், ஏற்கெனவே உள்ள வருத்தத்துக்கு எத்தனை மாதம் காத்திருக்கவேண்டும், ஒரு நாள் அறைவாடகைக்கு உச்சம் எவ்வளவு, கற்றரக்ட் (கண்புரை) போன்ற ஒவ்வொரு சத்திரசிகிச்சைக்கும் தனி உச்சம் உண்டா. மூன்று லட்சத்துக்குக் காப்புறுதி என்றால் கண்ணுக்கு மூன்று லட்சம் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. விண்ணப்பத்தில் பிரஷரை மறைக்காதேங்கோ. முகவர் "அதை எழுதத் தேவையில்லை" என்று சொன்னாலும் கையொப்பம் உங்களுடையது. பிறகு மாரடைப்பு வந்து கோரும்போது பழைய கிளினிக் கொப்பியைக் கேட்பார்கள், காசு வராது.

இருதயம், சிறுநீரகம், புற்றுநோய் போன்ற பெரிய வைத்தியத்துக்கு ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2025 பெப்ரவரி தொடக்கம் அதற்குக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்ததும் போய்க் கேளுங்கோ, செய்து முடித்தபின் அலையவேண்டாம்.

வேலணையிலிருந்து:

ரீச்சர் ஒருவர் தீவுப்பகுதியிலிருந்து மாதாமாதம் யாழ் போதனா வைத்தியசாலைக்கு வந்துபோவதாக எழுதியிருந்தா. குளிசை இலவசம்தான், பஸ், ஓட்டோ, மத்தியானச் சாப்பாடு, துணைக்கு வருகிறவரின் கூலி எல்லாம் கூட்டிப்பார்த்தால் இலவசம் இல்லை. பிரஷரும் சீனியும் ஒரு நிலையில் நிற்கிறவர்கள் கிளினிக் வைத்தியரிடம் கடிதம் கேட்டு, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைக்கோ கிட்டவுள்ள பிரதேச வைத்தியசாலைக்கோ மாறலாம். வலிகாமம் வடக்கு ஆட்களுக்குத் தெல்லிப்பழை, தென்மராட்சிக்குச் சாவகச்சேரி, வடமராட்சிக்குப் பருத்தித்துறை இருக்கிறது. மாறுமுன் உங்களுடைய தாளைக் காட்டி, எல்லா மருந்தும் அங்கே வருகிறதா என்று அங்குள்ள மருந்தகத்தில் கேளுங்கோ. ஒரு மருந்து மாத்திரம் இல்லையென்றால் அதை வெளியில் வாங்கினாலும் பயணச்செலவை விடக் குறைவாகத்தான் வரும்.

மருந்தாளர், கொக்குவில்:

கிளினிக்கில் ஒரு மருந்து இல்லை, வெளியில் வாங்கு என்று எழுதித் தந்தால், முழுமாதத்துக்கும் வாங்கவேண்டாம். பத்து நாளுக்கு வாங்கிவிட்டு இடையில் ஒருமுறை போய்க் கேளுங்கோ, வந்திருக்கும். வேறு மில்லிகிராமில் மருந்து வந்தால் உறையில் எழுதியதை நின்று வாசியுங்கோ. 10 மில்லிகிராம் முடிந்து 5 மில்லிகிராம் தந்தால் உறையில் 2 என்று இருக்கும். பழக்கத்தில் ஒன்று போடுகிறவர்கள் அரைவாசி மருந்தோடு மாதத்தை ஓட்டுகிறார்கள்.

பெயர் பிரச்சினையில் வருகிற பெரிய ஆபத்தைச் சொல்லவேண்டும். கிளினிக்கில் கடதாசி உறைக்குள் லொசாட்டன், சனல் பண்ணிய இடத்தில் பளபளக்கும் காட்டில் இன்னொரு பெயரில் அதே லொசாட்டன். இரண்டையும் போட்டு, எழும்பும்போது தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு உடைகிறது. முதலில் எழுதச் சொன்ன தாளில் ஒரே சின்னப்பெயர் இரண்டு தரம் வந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கோ. காசும் இரட்டிப்பாகப் போய்க்கொண்டிருந்திருக்கும்.

கடதாசி உறையில் வைக்கக் கூடாத மருந்தும் உண்டு. நெஞ்சுநோவுக்கு நாக்குக்குக் கீழ் வைக்கும் ஜீரீஎன் குளிசை அது வந்த கண்ணாடிப் போத்தலில், மூடியை இறுக்கி இருக்கவேண்டும். திறந்து எட்டுக் கிழமையில் மாற்றுங்கோ. அஸ்பிரின் உறையைத் திறக்கும்போது வினாகிரி மணம் வந்தால் அது ஈரம்பட்டுக் கெட்டுவிட்டது. மாரிகாலத்தில் இது அடிக்கடி நடக்கும்.

மானிப்பாய், இப்போது ரொறன்ரோவில்:

பிள்ளைகளிடம் கனடாவுக்குச் சுப்பர் விசாவில் (பெற்றோர் நெடுநாள் தங்கத் தரும் விசா) வருகிற பெற்றோருக்கு ஒரு குறிப்பு. ஒரு வருடத்துக்குக் குறையாமல், குறைந்தது 100,000 டொலருக்கு மருத்துவக் காப்புறுதி கட்டாயம். அது அவசர வைத்தியத்துக்கானது, மாதக் குளிசைக்குத் தராது. ஏற்கெனவே உள்ள வருத்தத்தையும் சேர்க்கும் திட்டத்தில், புறப்படுமுன் 90 அல்லது 180 நாளுக்கு வருத்தம் "மாறாமல்" இருக்கவேண்டும் என்று ஒரு வாசகம் இருக்கும். அந்த நாட்களுக்குள் பிரஷர்க் குளிசையைக் கூட்டினாலும், குறைத்தாலும், வேறு மருந்துக்கு மாற்றினாலும் மாறியதாகவே எடுப்பார்கள். அதனால் மருந்து மாற்றும் யோசனை இருந்தால் ரிக்கற் போடுவதற்கு ஆறு ஏழு மாதம் முன்னரே வைத்தியரோடு கதைத்து முடியுங்கோ. பயணத்தில் குளிசையைக் காட்டோடு, பெட்டியோடு, ஆங்கிலத்தில் எழுதிய வைத்தியர் கடிதத்தோடு கைப்பையில் வையுங்கோ. எங்கள் கிளினிக் உறையில் கிடக்கும் வெள்ளைக் குளிசை என்னவென்று இங்கே ஒருவருக்கும் தெரியாது.

தாதி, வடமராட்சி:

கையில் காசு குறைந்த மாதத்தில் எதை விடலாம் என்று உட்பெட்டியில் கேட்டவருக்கு இங்கேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். இன்சுலின், இருதயத்துக்கு ஸ்ரென்ட் (அடைத்த இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய்) வைத்தபின் தரும் குளோபிடோகிரல், அஸ்பிரின், வலிப்புக்குளிசை, தைரொக்சின், பைசோப்பிரலோல் போன்ற நெஞ்சுத்துடிப்புக் குளிசை, இவற்றை ஒருநாளும் விடாதேங்கோ. ஸ்ரென்ட் வைத்து முதல் மாதங்களில் குளோபிடோகிரலை நிறுத்தினால் அந்தக் குழாயே அடைத்துவிடலாம். ஆனால் அதைக் காலம் முழுக்க எல்லோரும் எடுக்கத் தேவையில்லை, பலருக்கு ஒரு வருடம்தான். எந்த மாதத்தோடு நிறுத்துவது என்று வைத்தியரைக் கேட்டுக் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதுவியுங்கோ. கேட்காமல் நாலு வருடம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். துண்டின் கடைசியில் நரம்பு விற்றமின், மீனெண்ணெய், மூட்டுத் தேய்வுக் குளிசை என்று மூன்று நாலு வரி இருக்கும், பில்லில் பாதி அவைதான். "டொக்டர், இதில் எது கட்டாயம்?" என்று கேட்டு, கட்டாயமானதற்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம் போடச் சொல்லுங்கோ. பாமசிக்காரர் அந்த அடையாளத்தைப் பார்த்துத் தருவார்.