டேங்கில் இருக்கும், ஆனா கிடைக்காது: செஸ்னா 172-ல் அந்த மூணு கேலன் எங்கே போகுது?

நெல்லைப் பறவை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் பாளையங்கோட்டை. தனியார் விமானி உரிமத்துக்கு வெளியூரில் பயிற்சி எடுக்கிறேன், இப்போது லீவில் வீட்டில் உட்கார்ந்து படிப்பு. எங்கள் பள்ளியில் ஓட்டுவது செஸ்னா 172 எஸ். அதன் கையேட்டில் மொத்த எரிபொருள் 56 கேலன், பயன்படுவது 53 கேலன் என்று போட்டிருக்கிறது. ரெண்டு இறக்கையிலும் ஒன்றரை ஒன்றரையாக மூணு கேலன் 'அன்யூசபிள்'. பயிற்சியாளரிடம் கேட்டேன். "அந்த மூணை மறந்துடு, 53-ஐ மட்டும் ஞாபகம் வை" என்றார். எப்படி மறக்கிறது? பதினோரு லிட்டருக்கு மேல் வருகிறது, அவ்காஸ் (விமானப் பெட்ரோல்) விற்கும் விலைக்கு!

எங்க அப்பா வண்ணார்பேட்டையில் டூவீலர் மெக்கானிக். அவரிடம் சொன்னதும் "இதுல என்னல இருக்கு, ரிசர்வுதான் அது" என்று முடித்துவிட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. எடை கணக்குப் போடும்போது இந்த மூணு கேலனைச் சேர்க்கணுமா வேண்டாமா என்பதும் குழப்பம். கேஜ் பூஜ்யம் காட்டினால் டேங்கில் நிஜமாகவே ஒன்றும் இல்லையா, அல்லது அந்த மூணு இருக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கயத்தாறு காத்தாடி:

உங்க அப்பா சொன்னதுதான் சரி. என்னோட பழைய வண்டியில் ரிசர்வுக்குத் திருப்பினா கங்கைகொண்டானில் இருந்து ஜங்ஷன் வரைக்கும் வந்துரும். பிளேனிலும் அவசரத்துக்கு ஒரு மூணு கேலன் ஒளிச்சு வச்சிருப்பாங்க. வெளியே சொன்னா எல்லாரும் செலவழிச்சிருவாங்கன்னுதான் சொல்றது இல்லை. நான் காற்றாலை வேலை, பிளேன் பக்கம் போனதில்லை. ஆனா லாஜிக் இதான்.

மூலைக்கரைப்பட்டி அண்ணாச்சி:

காத்தாடி தம்பி, கோவிச்சுக்காதீங்க. இந்த லாஜிக்கை நம்பி ஒருத்தன் மேலே போனால் கீழே வருவதற்கு இன்ஜின் கூட வராது.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் சின்ன விமானங்களுக்குப் பராமரிப்பு வேலை பார்த்தவன். இப்போ ஊரில் கிணறும் கொஞ்சம் வாழையும். அதனால் கிணற்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம்ம பக்கம் கிணற்றுக்குள் மோட்டார் குழாய் இறக்கும்போது புட்வால்வைத் தரையில் உட்கார வைப்போமா? மாட்டோம். ஒரு முழம் தூக்கித்தான் வைப்போம், இல்லாவிட்டால் சகதியை உறிஞ்சும். புட்வால்வுக்குக் கீழே நிற்கிற தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், கல்லைப் போட்டால் சத்தம் கேட்கும். ஆனால் மோட்டாருக்கு அது கிடையாது. பயிர் காய்ந்தாலும் கிடையாது. அன்யூசபிள் என்பது அந்தத் தண்ணீர். பைக் ரிசர்வ் வேறு சமாச்சாரம். ரிசர்வ் முழுக்க இன்ஜினுக்கு வரக்கூடிய பெட்ரோல், 'இனி பங்க் தேடு' என்று சொல்ல ஒரு கோடு போட்டு ஒதுக்கி வைத்தது, அவ்வளவுதான். விமானத்திலும் ரிசர்வ் உண்டு. அமெரிக்க விதியில் பகல் நேரப் பார்வைப் பறப்புக்கு (வெளியே கண்ணால் பார்த்து ஓட்டுவது) அரை மணி நேரம், இரவுக்கு 45 நிமிஷம். அந்த ரிசர்வை இந்த 53-க்குள்ளிருந்துதான் எடுத்து வைக்கணும். மூணிலிருந்து எடுக்கிறதில்லை.

கிணற்றில் தண்ணீர் ஆடாது. விமான டேங்க் ஆடும். மூக்கைத் தூக்கி ஏறினால் பெட்ரோல் பின்னால் ஓடும், இறங்கினால் முன்னால், பக்கவாட்டில் வழுக்கினால் ஒரு ஓரமாக ஒதுங்கும். அப்போது வெளிவாய், அதாவது டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் போகிற வாய், காற்றைக் குடிக்கும். ஒரு ரக விமானத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது இதைத்தான் பார்க்கிறார்கள். அந்த டேங்கை வைத்து என்னென்ன செய்ய அனுமதி உண்டோ அதில் எல்லாவற்றையும் விட மோசமான நிலை எது, அந்த நிலையில் இன்ஜின் முதல் தடவை இருமும்போது டேங்கில் எவ்வளவு மிச்சம். அதற்குக் குறையாமல் ஒரு அளவை அன்யூசபிள் என்று எழுதிவிடுகிறார்கள். நேராக, காற்று இல்லாத வானத்தில் பறந்தால் அந்த மூணிலும் கொஞ்சம் இன்ஜினுக்கு வரத்தான் செய்யும். வரும் என்று யாரும் உனக்கு எழுதிக் கொடுக்கவில்லை, அதுதான் விஷயம்.

டேங்க் பெரிசானால் இதுவும் பெரிசாகும் என்று நினைக்காதே. செஸ்னா 150-க்கும் 152-க்கும் சாதாரண டேங்க் ரெண்டும் 26 கேலன்தான். 150-ல் பயன்படுவது 22.5, 152-ல் 24.5. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கிற விமானங்கள். இதற்கு மூணரை வீண், அதற்கு ஒன்றரை வீண். 150 ஓட்டிப் பழகின கையோடு 152-ல் ஏறினால் பரவாயில்லை. திருப்பிப் போட்டால் ஆபத்து. செலக்டர் (எந்த டேங்கிலிருந்து பெட்ரோல் எடுப்பது என்று திருப்புகிற குமிழ்) பக்கத்தில் ஒட்டியிருக்கிற பிளேட்டை ஒவ்வொரு விமானத்திலும் படிக்கணும் என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

கேஜ் விஷயம். நேராகப் பறக்கும்போது டேங்கில் அன்யூசபிள் மட்டும் மிச்சம் இருக்கையில் முள் பூஜ்யத்தில் நிற்கணும். விதி அப்படி. ஆக உன் சந்தேகத்துக்குப் பதில்: பூஜ்யம் என்றால் டேங்க் காலி என்று அர்த்தமில்லை, உனக்குக் காலி என்று அர்த்தம். அதற்காக நடுவில் முள் காட்டுவதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்காதே. ஸ்டூல் போட்டு இறக்கை மேலே ஏறி அளவுகோல் விட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை. அந்தக் கோலும் அந்த விமானத்துக்கென்று கோடு போட்டதாக இருக்கணும். கோடு மொத்தத்தைச் சொல்கிறதா, பயன்படுவதைச் சொல்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள். அவ்காஸ் சட்டென்று காயும், கோலை எடுத்த உடனே பார்.

எடைக்கு வருகிறேன். சேர்க்காதே. ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. உன் விமானத்தின் அடிப்படை வெற்று எடை என்று ஒரு எண் இருக்கிறதே, அதற்குள் அன்யூசபிளும் முழு இன்ஜின் ஆயிலும் அடக்கம். கேலனுக்கு 6 பவுண்டு, மூணுக்கு 18 பவுண்டு, எட்டு கிலோவும் சில்லறையும். இந்தச் சுமையை விமானம் பிறந்ததிலிருந்து சுமக்கிறது. நீ 53-ஐ மட்டும் 6-ஆல் பெருக்கு, 318 பவுண்டு. ரொம்பப் பழைய விமானங்களில் வெற்று எடையின் வரையறை கொஞ்சம் வேறாக இருக்கும், அதில் மட்டும் தாளை நன்றாகப் பார்.

இந்த எடை சமாச்சாரத்தில்தான் நான் ஒரு தடவை மாட்டினேன். வேலையில் சேர்ந்து ரெண்டாவது வருஷம். ஒரு 172-ஐ எடை போடுவதற்காக டேங்கைச் சுத்தமாக வடித்தோம். கீழே இருக்கிற வடிகுழாயில் வடித்தால் வெளிவாய்க்குக் கீழே நிற்பதில் பெரும்பகுதியும் வந்துவிடும். (இன்ஜினுக்கு வராது, வாளிக்கு வரும். இதுவும் ஒரு வேடிக்கை.) எடை முடிந்தது. சாயங்காலமே விமானம் வேணும் என்று அவசரப்படுத்தினார்கள். வண்டியிலிருந்து சரியாக 100 லிட்டர் ஏற்றினேன். தாளில் 'எரிபொருள் 100 லிட்டர்' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கையொப்பமும் போட்டேன்.

எங்கள் சீனியர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காய்ஞ்ச டேங்க்தானே? முதல் பதினோரு லிட்டர் யாருக்கு?" என்றார். எனக்கு உறைக்கவே இல்லை. அவரே கணக்குப் போட்டுக் காட்டினார். மணிக்கு 34 லிட்டர் குடிக்கிற இன்ஜின். 11.4 லிட்டர் என்றால் இருபது நிமிஷம். "விமானி உன் தாளை நம்பி இருபது நிமிஷம் கூடுதலா மேலே இருப்பான். அந்த இருபது நிமிஷத்தை யாருல கொடுப்பா, உங்க தாத்தாவா?" அன்றைக்குத் திட்டினது இப்போதும் காதில் கிடக்கிறது. வழக்கமாக நீங்கள் பெட்ரோல் போடும்போது அன்யூசபிள் ஏற்கெனவே அடியில் கிடக்கும், அதனால் போடுகிற ஒவ்வொரு லிட்டரும் உங்களுடையது. வடித்துக் காயவைத்த டேங்கில் மட்டும் முதலில் அதற்குப் படியளந்துவிட்டுத்தான் உனக்கு.

நெல்லைப் பறவை:

அண்ணாச்சி, நன்றி. நான் பயிற்சித் தாளில் 18 பவுண்டை ரெண்டாவது தடவையும் சேர்த்து வைத்திருந்தேன், இப்போதான் பார்த்தேன். இன்னும் ஒரு சந்தேகம். இறங்கும்போது உயரம் அதிகமாக இருந்தால் ஸ்லிப் போட்டு, அதாவது விமானத்தை ஒரு பக்கம் சாய்த்து வழுக்கவிட்டு, இறக்கச் சொல்லித் தருகிறார்கள். எரிபொருள் குறைவாக இருக்கும்போது அது ஆபத்தா? 172-ல் செலக்டர் 'ரெண்டும்' என்ற நிலையில்தானே இருக்கிறது, ஒரு டேங்க் விட்டுப்போனால் இன்னொன்று கொடுக்காதா?

மூலைக்கரைப்பட்டி அண்ணாச்சி:

கொடுக்கும். அதனால்தான் இறங்கும்போது 'ரெண்டும்' வைக்கச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு டேங்க் காய்ந்து போயிருந்தால் ஸ்லிப்பும் வழுக்கலும் 30 வினாடிக்கு மேல் கூடாது என்று உன் கையேட்டிலேயே வரம்புகள் பகுதியில் இருக்கும், பார். டேங்க் கால்வாசிக்குக் கீழே இருந்தாலே நீண்ட நேரம் சாய்த்துப் பிடிக்கக்கூடாது, வெளிவாய்க்கு மேலே பெட்ரோல் நிற்காது. பைப்பர் வாரியர் மாதிரி கீழ்-இறக்கை விமானத்தில் 'ரெண்டும்' என்ற நிலையே கிடையாது. இடது அல்லது வலது. அதில் மொத்தம் 50, பயன்படுவது 48. எந்த டேங்க், எத்தனை மணிக்கு மாற்றினாய் என்று நீதான் எழுதி வைத்துக்கொண்டே போகணும்.

இன்னொன்று, சரிவான இடத்தில் 172-ஐ நிறுத்தினால் செலக்டரை இடது அல்லது வலதில் வைத்துவிட்டுப் போ. இல்லாவிட்டால் மேட்டு டேங்க் பள்ளத்து டேங்குக்கு ராத்திரி முழுக்கப் பாய்ச்சிக்கொண்டிருக்கும். மடையை அடைக்காமல் வீட்டுக்குப் போன கதைதான்.

பணகுடிக்காரன்:

மகேந்திரகிரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ராக்கெட் டேங்கிலும் இதே தலைவலி உண்டு. திரவம் குறையக் குறைய வெளிவாயில் சுழி விழும், கைகழுவுகிற தொட்டியில் பார்ப்பீர்களே, அதுதான். சுழி வழியாக வாயு உள்ளே போனால் பம்பு தொலைந்தது. அதனால் சுழி விழாமல் இருக்க வெளிவாயில் தடுப்புத் தகடு வைப்பார்கள். அப்படியும் கடைசிச் சொட்டு வரைக்கும் எரிக்க முடியாது, கொஞ்சத்தை மிச்சம் என்று முன்கூட்டியே கணக்கில் எழுதிவிடுவோம். புட்வால்வு உவமை எங்கள் ஆட்களுக்குப் பிடிக்கும், எடுத்துக்கொள்கிறேன்.

கயத்தாறு காத்தாடி:

தோல்வியை ஒத்துக்கிறேன் அண்ணாச்சி. ஆனா ஒண்ணு கேக்கணும். கேலன் கேலன்னு சொல்றீங்களே, எங்க தாத்தா வீட்டுல மண்ணெண்ணெய் கேலன் டின் ஒண்ணு கிடக்கு, அதுல நாலரை லிட்டர் பிடிக்குதே?

மூலைக்கரைப்பட்டி அண்ணாச்சி:

அது பிரிட்டிஷ் கேலன், 4.546 லிட்டர். செஸ்னா சொல்வது அமெரிக்க கேலன், 3.785. இதையும் குழப்பினால் தாத்தா டின்னில் 53 கேலன் ஊற்றப் பார்த்து இறக்கை வழிய விடுவீர்கள். உங்கள் ஆள் லிட்டரில் ஊற்றுவான், கேஜ் கேலனில் பேசும். 53 கேலன் என்றால் 200 லிட்டர் என்று மனசில் வைத்துக்கொண்டால் போதும்.

நெல்லைப் பறவை:

இந்தத் திரியை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டுவிட்டு எழுந்து போய், பட்டறையில் கிடந்த பழைய பைக் டேங்க் ஒன்றில் பெட்ரோல் ஊற்றி, குழாயை ரிசர்வில் திருப்பி, சொட்டு நிற்கும் வரை வடித்தார். அப்புறம் டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தார். அரை டீ கிளாஸ் பெட்ரோல் மிச்சம் வந்தது. கிளாஸைக் கொண்டுவந்து என் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இத்தனை வருஷமா ரிசர்வுக்குக் கீழயும் ஒண்ணு இருந்திருக்கு, பாத்தியா" என்றார்.

வீடு முழுக்க பெட்ரோல் நாற்றம். அம்மா திட்டிக்கொண்டிருக்கிறார்.