புதுப்பிப்பு: கார் நிறுத்தக் கட்டணமும் வசூல் நிறுவனத்தின் கடிதங்களும்

இங்கிலாந்தில் ஒரு கடையின் வாகன நிறுத்தத்தில் பதினாறு நிமிடம் கூடுதலாக நின்றதாகச் சொல்லித் தனியார் நிறுவனமொன்று 100 பவுண்டு கேட்டதையும், நான் மறுத்ததையும் முன்பு எழுதியிருந்தேன். அதன்பின் அது கடன் வசூல் நிறுவனத்தின் கைக்குப் போய், 70 பவுண்டு கூடி, சிவப்பு எழுத்தில் ‘இறுதி எச்சரிக்கை’ என்று மூன்று முறை வந்தது. (இறுதி என்பதற்கு அவர்கள் அகராதியில் என்ன பொருளோ!) இவர்கள் நீதிமன்ற அமீனாக்கள் அல்லர்; தீர்ப்பு இல்லாமல் வீட்டுப் பொருளைத் தொட இவர்களுக்கு அதிகாரமில்லை. ஆகவே, கடனையே மறுக்கிறேன் என்று ஒரு முறை எழுதியதோடு நிறுத்திக்கொண்டேன்.

வழக்குக்கு முந்தைய கடிதம் வந்தபோது மட்டும் அப்படி இருக்கவில்லை. பதிலளிக்க 30 நாள் அவகாசம் உண்டு, அதைத் தவறவிட்டால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகக்கூடும். தனியார் கட்டணமே செல்லாது என்ற வாதத்தையும் நான் வைக்கவில்லை. 2015இல் உச்ச நீதிமன்றம் 85 பவுண்டுக் கட்டணம் ஒன்றைச் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. நான் வைத்த வாதம் வேறு: கேமரா பதிவை மட்டும் நம்பி அனுப்பும் அறிவிப்பு, 2012ஆம் ஆண்டுச் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் (Protection of Freedoms Act) நான்காம் அட்டவணைப்படி, 14 நாளுக்குள் பதிவேட்டிலுள்ள வாகனப் பொறுப்பாளரிடம் சேர வேண்டும். எனக்கு வந்ததோ 23ஆம் நாள். ஓட்டியவர் யார் என்பதை எந்தக் கடிதத்திலும் நான் சொல்லாததால், கட்டணத்தை என் தலையில் கட்ட அவர்களுக்கு வேறு வழியில்லை. உறையின் அஞ்சல் முத்திரையையும் நகலெடுத்து இணைத்தேன்.

சென்ற வாரம் ஒற்றை வரியில் பதில் வந்தது: கோப்பு மூடப்பட்டது.