பழைய பக்கெட்டில் வைத்த கத்தரியும் மிளகாயும் மஞ்சளாகின்றன. தப்பு மண்ணிலா, தண்ணீரிலா, பக்கெட்டிலா?

கொருக்குப்பேட்டை மாடி:
எல்லோருக்கும் வணக்கம். உடைந்த பக்கெட்டுகளைக் காயலான் கடைக்குப் போட மனமில்லாமல் ஆடி மாதம் மொட்டை மாடியில் செடி வைத்தேன். கைப்பிடி போன குளியல் பக்கெட் மூன்று, வீட்டுக்கு எமல்ஷன் அடித்தபோது மிஞ்சிய 20 லிட்டர் பெயின்ட் பக்கெட் இரண்டு, கழுத்தில் விரிசல் விட்டதால் மேல் பாதியை அறுத்தெடுத்த நீலக் குடம் ஒன்று. அடியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் இரண்டிரண்டு ஓட்டை போட்டேன். தண்ணீர் நன்றாக வடியட்டும் என்று நாலு விரல் உயரத்துக்கு ஜல்லி போட்டு, அதன் மேல் செம்மண்ணும் மண்புழு உரமும் நிரப்பினேன். ஐந்து பக்கெட்டிலும் கத்தரி, மிளகாய். குடத்தில் புதினா.

ஒரு மாதம் ஜோராக வந்தது. அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. இலை மஞ்சள், ஓரமெல்லாம் தீய்ந்த மாதிரி பழுப்பு. சத்து போதவில்லை என்று நினைத்து இரண்டு முறை கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றினேன். இன்னும் மோசமாகிவிட்டது. தினமும் காலையில் ஒரு செம்பு தண்ணீர் தவறாமல் விடுகிறேன்.

இன்னொரு விஷயம். நேற்று ஒரு குளியல் பக்கெட்டை நகர்த்தப் போனேன், விளிம்பு அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையோடு வந்துவிட்டது. எங்கே தப்பு செய்கிறேன், யாராவது சொல்லுங்கள்.

வியாசர்பாடி விதை:
இலை மஞ்சள் என்றாலே தழைச்சத்து குறைவுதான் அக்கா. பக்கெட்டுக்கு அரை ஸ்பூன் யூரியா போடுங்கள், ஒரே வாரத்தில் பச்சை கட்டும்.

பெரம்பூர் தாத்தா:
தம்பி, கொஞ்சம் பொறு. வயிற்றுப்போக்கில் கிடக்கிறவனுக்குப் பிரியாணி வாங்கித் தருவாயா? யூரியா இப்போது வேண்டாம்.

அம்மா, இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். மஞ்சள் அடியில் இருக்கும் பழைய இலையிலா, நுனியில் இருக்கும் புது இலையிலா? தழைச்சத்துக் குறைவு என்றால் செடி பழைய இலையில் இருப்பதை உருவிப் புது இலைக்கு அனுப்பிவிடும், அதனால் அடியில்தான் முதலில் மஞ்சள் தெரியும். இரும்புச்சத்து அப்படி நகராது, அது குறைந்தால் துளிர்தான் முதலில் வெளுக்கும். அடுத்து, ஒரு குச்சியை மண்ணில் அடிவரை குத்தி எடுத்து முகர்ந்து பாருங்கள்.

கொருக்குப்பேட்டை மாடி:
பார்த்தேன் ஐயா. வெளுத்திருப்பது நுனி இலைகள்தான், நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. குச்சியை முகர்ந்தால் சாக்கடை வாடை. மேல் மண் காய்ந்து வெடித்திருந்தது, அதனால் அடியும் காய்ந்திருக்கும் என்றே நினைத்திருந்தேன். பெயின்ட் பக்கெட்டைத் தூக்கிப் பார்த்தால் கீழே வட்டமாகத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது, அதைச் சுற்றி வெள்ளை வளையம்.

பெரம்பூர் தாத்தா:
ஆளைப் பிடித்துவிட்டோம். துளிர் வெளுப்பது இரும்புச்சத்துக் குறைவு, ஆனால் மூல காரணம் தேங்கிய தண்ணீர். அதில் வேர் மூச்சுத் திணறி, சத்தை எடுக்க முடியாமல் கிடக்கிறது. ஒரு காலி பக்கெட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பாகம் தட்டையாக இருக்காது. சுற்றிலும் ஒரு விரல் பருமனுக்கு விளிம்பு இறங்கியிருக்கும், நடுவில் குழி. நீங்கள் ஓட்டை போட்டது அந்தக் குழிக்குள். தளத்தில் பக்கெட்டை உட்காரவைத்ததும் விளிம்பு மூடி போட்ட மாதிரி ஒட்டிக்கொள்கிறது. ஓட்டை இருக்கிறது, தண்ணீர் வெளியேற வழி இல்லை.

கம்பியை வெளியிலிருந்து உள்ளே குத்தினீர்களா? அப்படியானால் உருகிய பிளாஸ்டிக் உள்பக்கம் உதடு மாதிரி சுருண்டு நிற்கும். அந்த உதட்டின் உயரத்துக்கும் தண்ணீர் நிற்கும். ஒரு கத்தியால் சீவிவிடுங்கள். இனிமேல் கம்பி வேண்டாம், அந்தப் புகை நல்லதில்லை. 8 அல்லது 10 மி.மீ. டிரில் பிட் போதும்.

பக்கெட்டை மூன்று செங்கல் துண்டின் மேல் தூக்கி வையுங்கள். பக்கச் சுவரில் நான்கு ஓட்டை போடுங்கள். உள்ளே அடித்தளம் எங்கே இருக்கிறதோ அதற்குச் சற்று மேலே. வெளியிலிருந்து அளந்தால் ஏமாந்துபோவீர்கள், உள்ளே கையை விட்டு அளவெடுங்கள்.

காசிமேடு கீரை:
தாத்தா சொன்னதோடு ஒன்று. அந்த ஜல்லியை எடுத்துவிடுங்கள் அக்கா. எல்லோரும் போடுகிறார்கள், நானும் நாலு வருஷம் போட்டேன். பொடி மண்ணில் இருக்கும் தண்ணீர், அந்த மண் முழுக்க ஊறி நிறையும்வரை கீழே உள்ள ஜல்லிக்கு இறங்காது. ஆக சேறு நிற்கிற இடம் நாலு விரல் மேலே ஏறுகிறதே தவிர குறையாது, வேருக்கு இருக்கும் இடமும் போச்சு.

நம்ப முடியாவிட்டால் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் செங்குத்தாகத் திருப்புங்கள், மறுபடி சொட்டும். மண்ணுக்கும் இதே கணக்கு. உயரமான பக்கெட் நன்றாக வடியும், தட்டையான டப்பில் ஈரம் தேங்கும். நான் மீன் வரும் தெர்மாகோல் பெட்டியில் கீரை போடுகிறேன், ஆழம் கம்மி என்பதால் ஓட்டை இரண்டு மடங்கு. மண் ஒழுகாமல் இருக்க ஓட்டை மேல் கொசுவலைத் துண்டு ஒன்று போதும்.

ராயபுரம் அக்கா:
வடிகால் சரி. இலை ஓரம் தீய்ந்ததற்கும் அந்த வெள்ளை வளையத்துக்கும் பதில் வரவில்லையே? அது உப்பு. எந்தத் தண்ணீர் விடுகிறீர்கள்மா? எங்கள் தெருவில் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது.

கொருக்குப்பேட்டை மாடி:
சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆர்.ஓ. மெஷினில் இருந்து வீணாகப் போகிற தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுகிறேன். 2019-இல் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடியதிலிருந்து ஒரு சொட்டையும் கீழே விட மனம் வருவதில்லை.

ராயபுரம் அக்கா:
அங்கேதான் இருக்கிறது வினை. ஆர்.ஓ. மெஷின் உப்பை எங்கேயும் மாயமாக்குவதில்லை. குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்து, முழுக்க இந்தக் கழிவுத் தண்ணீரில் தள்ளுகிறது. மெஷின் சர்வீஸுக்கு வருகிறவரிடம் தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், அளந்து பாருங்கள். குடிநீருக்கு இந்தியத் தரக் கணக்கில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை பரவாயில்லை.

நம் பக்கத்து நிலத்தடி நீரில் உப்பு இருப்பது புதிதும் இல்லை. மீஞ்சூர் பக்கம் கடல் நீர் நிலத்துக்குள் ஏறியது பல பத்தாண்டுக் கதை.

கொருக்குப்பேட்டை மாடி:
அளந்தாயிற்று. மெஷினுக்குள் போகும் போர் தண்ணீர் 910, வெளியே வரும் கழிவு 1320. குழாயில் வரும் மெட்ரோ வாட்டர் 280. தலை சுற்றுகிறது.

பெரம்பூர் தாத்தா:
1320 உள்ளே போகிறது, வெளியே வழியில்லை. வெயிலில் தண்ணீர் ஆவியாகிறது, உப்பு மட்டும் தங்குகிறது. இரண்டு மாதமாகக் காய்ச்சியிருக்கிறீர்கள் அம்மா, உப்பளம்தான். அதன் மேல் புண்ணாக்குக் கரைசல் வேறு, காற்று இல்லாத மண்ணில் அது அழுகத்தானே செய்யும்.

ஓட்டையைச் சரிசெய்த பிறகு மண்ணைக் கழுவுங்கள். 20 லிட்டர் பக்கெட்டுக்கு 40 லிட்டர் நல்ல தண்ணீர், மூன்று தவணையாக, மெதுவாக.

கொருக்குப்பேட்டை மாடி:
ஒரு பக்கெட்டுக்கு மூன்று குடமா? வீட்டில் என்னையும் செடியையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடுவார்கள்!

பெரம்பூர் தாத்தா:
எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டாம். தண்டு பச்சையாக இருக்கிற இரண்டை மட்டும் பாருங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள், அதில் உப்பு அநேகமாக இருக்காது. மற்றதை மழைக்கு விட்டுவிடுங்கள்.

வியாசர்பாடி விதை:
யூரியா சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் அக்கா. நொறுங்கிய பக்கெட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே, அதையாவது நான் சொல்கிறேன். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பாலிப்ரொப்பிலீன். வெயில் தாங்கும் மருந்து கலக்காததாக இருந்தால் சீக்கிரம் உளுத்துவிடும். பழைய சாக்கைச் சுற்றிக் கட்டினால் கொஞ்ச காலம் கூட வரும், வேருக்கும் சூடு குறையும். உளுத்ததைத் தோட்டத்தில் வைக்காதீர்கள், சில்லு சில்லாக மண்ணில் கலக்கும். கைப்பிடியை நம்பித் தூக்கவும் வேண்டாம், ஈர மண்ணோடு 20 லிட்டர் பக்கெட் 25 கிலோவுக்குக் குறையாது.

எமல்ஷன் பக்கெட்டைத் தேய்த்துக் கழுவினால் போதும். எண்ணெய் பெயின்ட் டப்பா மட்டும் வேண்டாம், பழசில் ஈயம் இருக்கலாம். பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு என்ற வரம்பே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. மணலி பக்கத்துக் கெமிக்கல் டிரம் காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கும், ஆசைப்படாதீர்கள். உள்ளே என்ன இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது.

காசிமேடு கீரை:
செங்கல் மேல் வைத்த பிறகு அடியில் தட்டு வைக்காதீர்கள். தேங்கினால் டெங்கு கொசுவுக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். பாரம் தளத்தை அழுத்தும், அதனால் பக்கெட்டுகளை நடுத் தளத்தில் குவிக்காமல் சுவர் ஓரமாக, உத்தரத்துக்கு மேலாக வையுங்கள். மரச் சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் என்றால் ரொம்பவே கவனம்.

கொருக்குப்பேட்டை மாடி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். உதட்டைச் சீவி, பக்கத்தில் ஓட்டை போட்டு, ஜல்லியை அள்ளி எறிந்து, செங்கல் மேல் ஏற்றினேன். ஏ.சி. தண்ணீரில் இரண்டு பக்கெட்டைக் கழுவினேன். முதலில் வடிந்தது டீ டிகாக்ஷன் நிறம், நாற்றம் தாங்கவில்லை. போன வெள்ளி ராத்திரி இடி மழை கொட்டியதே, மற்றதை அது பார்த்துக்கொண்டது. காலையில் போய்ப் பார்த்தால் எல்லா ஓட்டையிலும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

கத்தரி ஒன்று போய்விட்டது. மிளகாயில் புதுத் துளிர் பச்சையாக வந்திருக்கிறது, தீய்ந்த பழைய இலை அப்படியேதான் இருக்கிறது. ஆர்.ஓ. கழிவு இப்போது பாத்ரூம் கழுவ. வடிகிற தண்ணீர் படிக்கட்டில் இறங்குகிறது என்று கீழ் வீட்டில் முணுமுணுப்பு, அதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா?

காசிமேடு கீரை:
முதல் பறிப்பில் கால் கிலோ மிளகாய் கீழ் வீட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள் அக்கா. அதுவரை வாசல் ஓரம் ஒரு சாக்கை மடித்துப் போடுங்கள்.