புதுப்பிப்பு: கரும்பு வேர்ப்புழுவுக்கு நூற்புழு விட்டதன் நிலவரம்

திருவாலங்காட்டுப் பக்கம் மாமா பயிரிட்டுள்ள கரும்பில் வேர்ப்புழு தாக்கித் தூர்கள் காய்வதைச் சொல்லி, பூச்சிகளின் உடலுக்குள் புகுந்து கொல்லும் மிக நுண்ணிய நூற்புழுவை விடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். விட்டாயிற்று.

முதல் நூற்புழுப் பொட்டலம் வீணானது என் தவறுதான். கொருக்குப்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் அதைப் பகல் முழுவதும் வைத்துவிட்டேன். வெயில் இவற்றுக்கு எமன். இரண்டாவதைத் தண்ணீர்ப் பானையருகே நிழலில் வைத்து, மாமா கொண்டுவந்த இரண்டு வேர்ப்புழுக்களை ஈரமண் டப்பாவிலிட்டு முதலில் சோதித்தேன். ஐந்தாம் நாள் ஒன்று செங்கல் நிறமாகித் துவண்டு கிடந்தது. அழுகல் நாற்றமே இல்லை. வாய், மூச்சுத்துளை வழியாக உள்ளே நுழையும் நூற்புழு தன் குடலிலுள்ள பாக்டீரியாவை வெளியிட, அதுவே வேர்ப்புழுவைக் கொன்று இந்தச் சிவப்பையும் தருகிறது. மற்றொன்று நெளிந்துகொண்டுதான் இருந்தது.

நாங்கள் வாங்கியது ஹெட்டெரோராப்டைடிஸ் இண்டிகா என்ற நூற்புழு இனம். 1992இல் புதிய இனமாக விவரிக்கப்பட்ட இது கோயம்புத்தூர்க் கரும்புத் துளைப்பானில் கிடைத்தது என்பதால், நம் வெயிலுக்குப் பழகியது என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

வயலில் நீர் பாய்ச்சிய மறுநாள் மாலை, தண்ணீரில் கலந்து தூரடியில் ஊற்றினோம். பத்து நாள் கழித்துத் தோண்டியபோது சிவந்த புழுக்களும் கிடைத்தன, கட்டைவிரல் பருமனில் உயிருள்ளவையும் கிடைத்தன. பெரிய புழுக்கள் எளிதில் சாவதில்லை, நாங்கள் தாமதித்துவிட்டோம். அடுத்த முறை, கோடைமழைக்குப் பின் வேப்பமரத்தில் இந்த வேர்ப்புழுவின் தாய் வண்டுகள் மொய்க்கும்போதே அவற்றைப் பிடித்து அழித்துவிட்டு, புழு சிறியதாக இருக்கையில் நூற்புழுவை விடுவதாக இருக்கிறோம்.