வீடு உடையும் முன்பே யார் வந்தார்கள்? நீலகிரி நண்பர்களின் அனுபவங்கள்

கோத்தகிரி டீச்சர்

நம் மலையில் ஒரு பிள்ளை வீட்டை விட்டு ஓடிய பிறகோ, சின்ன வயதிலேயே கல்யாணம் நடந்து முடிந்த பிறகோதான் ஊரே கூடுகிறது. அதற்குப் பல மாதம் முன்பே யாரோ ஒருவர் கண்ணில் ஏதோ பட்டிருக்கும். காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை, சத்துமாவு வாங்க வராத அம்மா, திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்ட பையன். அந்தக் கட்டத்திலேயே யாராவது கை கொடுத்ததை நீங்கள் பார்த்திருந்தால் எழுதுங்கள். எது உதவியது, எது உதவவில்லை, இரண்டையும். பிள்ளைகளின் பெயரோ ஊரோ வேண்டாம்.

முதலில் நானே சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் பையன். மழைக்காலம் தொடங்கியதும் இரண்டு வயதுத் தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வர ஆரம்பித்தான். பள்ளியில் கொடுக்கும் காலை உணவில் பாதியை ஒதுக்கி அவளுக்கு ஊட்டிவிடுவான். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இந்தக் காலை உணவு 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது. பசி தீர்வது ஒரு பக்கம். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது முதல் மணி அடிக்கும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது, அதை நான் இன்னும் பெரிதாக நினைக்கிறேன்.

அவன் அப்பா முந்தின வருடம் இறந்துவிட்டார். அம்மா சிறு விவசாயிகளின் தோட்டங்களில் வேலை கிடைக்கிற நாளில் கொழுந்து பறிப்பவர், ஏழரைக்கே போய்விட வேண்டும். அங்கன்வாடி கீழே இருக்கிறது. தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் இறங்க வேண்டும், காட்டெருமை நிற்கிற பாதை. அது திறக்கும் நேரத்தில் அம்மா வீட்டில் இருக்க மாட்டார். 'தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு வராதே' என்று சொன்னால் பையன் வருவதுதான் நிற்கும். அதனால் அவளை வகுப்பிலேயே உட்கார வைத்துக்கொண்டு, சாயங்காலம் அம்மாவைப் பார்க்கப் போனேன்.

அங்கன்வாடி உதவியாளர் அதே மேட்டில்தான் குடியிருக்கிறார். காலையில் அவர் போகும்போது குழந்தையைக் கூட்டிக்கொண்டு போக ஒத்துக்கொண்டார். அம்மா கிளம்பியதிலிருந்து அவர் வரும்வரை பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துக்கொண்டார். அப்புறம் பணம். மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில், கணவரை இழந்த தாயிடம் வளரும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமப்புறத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு என்று காகிதம் சேர்ப்பதற்குத்தான் மாதக்கணக்கில் ஆனது. தாலுகா ஆபீசுக்கு ஒரு நாள் போனால் அவருக்கு ஒரு நாள் கூலி போச்சு. பாதியில் விட்டுவிடுவாரோ என்று பயந்து நானும் உதவியாளரும் மாற்றி மாற்றிக் கூடப் போனோம். பணம் வர ஆரம்பித்துவிட்டது. பையன் இப்போது ஐந்தாம் வகுப்பு.

பந்தலூர் அங்கன்வாடி அக்கா

டீச்சர் சொன்ன காகிதக் கதை அப்படியே உண்மை. நான் எடை மெஷினைப் பற்றிச் சொல்கிறேன்.

மாதாமாதம் எடை போடுவதை வெறும் பதிவேட்டு வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு ஒரு வீட்டைப் பற்றிய முதல் தகவலே அந்த எடைதான். பணியர் என்ற பழங்குடி மக்களின் காலனியில் ஒரு வயது தாண்டிய குழந்தை. சின்ன உடம்புதான், ஆனாலும் எடை ஏறிக்கொண்டே வந்தது. திடீரென்று அப்படியே நின்றுவிட்டது. சத்துக் குறைவைக் காட்டும் கைச்சுற்றளவு நாடாவில் 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, அதற்கு மேல் 12.5 வரை மஞ்சள். குழந்தை மஞ்சளில் இருந்தது. சிவப்பு வரும்வரை விட்டால் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க வேண்டி வரலாம். மஞ்சளிலேயே வீட்டுக்குப் போனால் செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது.

போய்ப் பார்த்தேன். அப்பா குடகுப் பக்கம் இஞ்சி வேலைக்குப் போயிருக்கிறார். அம்மா அடுத்த பிள்ளையைச் சுமக்கிறாள், யாரிடமும் சொல்லவில்லை, எழுந்தால் தலைசுற்றல். மூத்தவனுக்கு நாலு வயது. பாட்டிதான் சமையல், பெரியவர்கள் சாப்பிடும் அதே சோறுதான் குழந்தைக்கும். சத்துமாவு பாக்கெட் பிரிக்காமல் கிடந்தது. ஏன் பாட்டி என்றால், விறகெல்லாம் நனைந்துபோச்சு, ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் அடுப்பு மூட்டுகிறோம் என்கிறார். தேவாலா, சேரம்பாடிப் பக்கத்து ஜூலை மழையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அலட்சியம் என்று நான் எழுதி வைத்திருந்தால் அது பொய்.

மாவு ஏற்கெனவே வறுத்து அரைத்ததுதான், சோறு வைக்கும்போதே கொஞ்சம் வெந்நீர் எடுத்துப் பிசைந்து உருண்டையாகக் கொடுக்கலாம் என்று செய்து காட்டினேன். மூத்தவன் தினமும் மையத்துக்கு வர ஆரம்பித்தான். மதியச் சாப்பாடும் முட்டையும் அவனுக்கு அங்கே. நர்சம்மா வீட்டுக்கே வந்து கர்ப்பத்தைப் பதிவு செய்தார். அதைவிட முக்கியம், கூட ஒரு பணியர் பெண் வந்தாள், ஊர் ஊராகப் போகிற சுகாதாரப் பணியாளர். எங்களிடம் தலையை மட்டும் ஆட்டிய அந்த அம்மா, தன் பேச்சில் கேட்டதும் ஒரு மணி நேரம் பேசினாள். புருஷன் பணம் அனுப்பாதது, கடையில் கடன், எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது.

2022 மே மாதம் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தை முதல்வர் நம்ம ஊட்டி முத்தோரை பாலாடாவில்தான் தொடங்கி வைத்தார். திட்டம் நல்ல திட்டம். ஆனால் "பிள்ளையை இப்படியா வச்சிருக்கே" என்று ஒருத்தர் வாயிலிருந்து வந்துவிட்டால் அந்த வீட்டுக் கதவு அப்புறம் எந்தத் திட்டத்துக்கும் திறக்காது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

குந்தா பக்கத்துத் தோட்ட மேஸ்திரி

நான் சொல்லச் சொல்ல என் மகள் டைப் செய்கிறாள்.

எங்கள் தோட்டத்தில் இப்போது நிறைய ஜார்க்கண்ட் ஆட்கள். நம்ம பிள்ளைகள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று இறங்கிவிட்டார்கள், இவர்கள் இல்லை என்றால் செடி காடாகிவிடும். குடும்பத்தோடு வந்து, தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டில் இருக்கிறார்கள். அதில் ஒரு வீட்டில் பத்து வயசுப் பெண். எட்டு மாதத் தம்பியை வைத்துக்கொண்டு நாள் முழுக்க லைன் வாசலில் நிற்கும். பின்னாலேயே சோலை, கரடி வருகிற இடம். அப்பா அம்மா இரண்டு பேரும் தேயிலைக் காட்டில் வேலை. பிள்ளைக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

அந்தப் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பு என்று அம்மாவிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? தம்பியை யார் பார்ப்பது? 50 பெண்கள் வேலை செய்கிற தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதியிருந்தது. எங்களிடம் கட்டடமும் இருந்தது. பழைய ஆயா ரிட்டயர் ஆன பிறகு வேறு ஆள் போடாமல் உர மூட்டை அடுக்கி வைத்துவிட்டார்கள். சங்கத்து ஆட்களும் நானும் துரையிடம், அதாவது தோட்ட மேனேஜரிடம், போய்ப் பேசினோம். பிள்ளை பத்திரமாக இருந்தால்தான் பொம்பளைக்குக் கை ஓடும், கிலோ ஏறும் என்றேன். நிஜமும் அதுதான். ஒரு வழியாக மூட்டையை எடுத்து, சுண்ணாம்பு அடித்து, ஒரு ஆயா அம்மாவைப் போட்டார்கள்.

தம்பி காப்பகத்துக்கு, அக்கா பள்ளிக்கு. வயசுக்கு ஏற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறதாம், ஐந்தாவதில் சேர்த்து, தமிழைத் தனியாகச் சொல்லிக்கொடுத்தார் அந்த ஆசிரியர். இப்போது சாயங்காலம் கொழுந்து எடை போடும் இடத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "கழிவு எவ்வளவு பிடிச்சீங்க அண்ணா?" என்று எடையில் கழிப்பதைப் பற்றி என்னையே கேட்கிறது.

கூடலூர் பஸ் கண்டக்டர்

சுருக்கமாகச் சொல்கிறேன். மலை ரூட்டில் எந்த வளைவில் எந்தப் பிள்ளை ஏறும் என்று எங்களுக்குத் தெரியும். பதினோராம் வகுப்புப் பெண் ஒன்று ஒரு வாரமாக ஏறவில்லை. கூடப் படிக்கிற பிள்ளையிடம் கேட்டால், "அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சு அண்ணா." பதினாறு வயது. டிப்போவில் இறங்கியதும் 1098-க்கு, குழந்தைகள் உதவி எண்ணுக்கு, போன் போட்டேன். அதிகாரிகள் போய்ப் பேசிக் கல்யாணம் நின்றது.

ஆனால் ஏன் அவசரம் என்று அவர்கள் கேட்டதுதான் எனக்குப் பிடித்தது. வீட்டில் இருந்த பாட்டி இறந்துவிட்டார், அப்பா அம்மா கேரளாவில் வேலை, வயசுப் பெண்ணைக் காட்டு ஓரத்து வீட்டில் தனியாக விட பயம். அது நியாயமான பயம்தானே. பெண் சம்மதத்தோடு அரசு மாணவியர் விடுதியில் இடம் வாங்கிக் கொடுத்தார்கள். பிளஸ் டூ முடித்து இப்போது கல்லூரி. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது என்று போன மாதம் பஸ்ஸில் சொன்னது.

குன்னூர் வாசகி

எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் கேட்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டில் இரண்டு பிள்ளைகள். அப்பா குடித்துவிட்டு வந்தால் ராத்திரி அம்மாவும் பிள்ளைகளும் எங்கள் திண்ணையில் வந்து உட்காருவார்கள். பெரியவன் இப்போதெல்லாம் பள்ளிக்கு ஒழுங்காகப் போவதில்லை. 1098-க்குச் சொல்லலாம் என்றால், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய் ஹோமில் போட்டுவிடுவார்கள் என்று அந்த அம்மா அழுகிறாள். அப்படிச் செய்வார்களா?

களப்பணியாளர், ஊட்டி

அம்மா, இந்தப் பயம் நம் மலையில் எல்லா வீட்டிலும் இருக்கிறது, அதனாலேயே எல்லாரும் கடைசி நாள் வரைக்கும் வாயைத் திறப்பதில்லை. முதலில் சட்டம். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளிலேயே, பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கு, குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது கடைசியாக, என்று எழுதியிருக்கிறது. பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிப்பதைக் குழந்தைகள் நலக் குழுதான் விசாரித்து முடிவு செய்யும், போன் எடுத்தவரோ வீட்டுக்கு வந்த பணியாளரோ இல்லை. 1098 இருபத்து நாலு மணி நேரமும் இலவசம், யார் சொன்னது என்று அந்த வீட்டில் சொல்ல மாட்டார்கள்.

'ஹாஸ்டலில் போட்டுவிட்டால் சரியாகிவிடும்' என்பது இங்கே பெரிய மனிதர்களே சொல்லும் பேச்சு, எனக்கு அது ஒப்பாது. ஒரு காலனியிலிருந்து அண்ணன் தம்பி இருவரை, பெற்றவர்கள் குடிக்கிறார்கள் என்று ஒரு விடுதியில் சேர்த்தார்கள். இரண்டு பிள்ளைகளும் காட்டு ரோட்டில் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். யானை நடமாடும் ரோடு. திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள், திரும்ப வந்தார்கள். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தோம். அப்பாவுக்குக் குடி நோய், சிகிச்சைக்குக் கூட்டிப் போனோம், ஒரு முறை விழுந்து மறுபடி எழுந்தார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகட்டும் என்று அட்டை வாங்கினோம். தம்பிக்கு அடிக்கடி காய்ச்சலும் மூட்டு வலியும், சோம்பேறி என்று பள்ளியில் பெயர். ரத்தம் பார்த்தால் அரிவாள் செல் சோகை, பரம்பரையாக வரும் ரத்த நோய். நம் பழங்குடி மக்களிடம் இருக்கும் நோய் என்று மாவட்டத்தில் தெரியாத டாக்டர் இல்லை, ஆனாலும் அவனுக்கு ஒன்பது வயது வரைக்கும் யாரும் பார்க்கவில்லை. மாத்திரை தொடங்கியதும் வருகை ஏறியது. இருவரும் இன்று வீட்டிலிருந்தே பள்ளிக்குப் போகிறார்கள். கண்டக்டர் அண்ணன் சொன்ன பெண்ணுக்கு விடுதி சரியான வழி, அவள் விரும்பிப் போனாள், வீட்டில் ஆளும் இல்லை. ஒவ்வொரு வீட்டையும் அதன் வாசலில் போய் நின்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

உங்கள் பக்கத்து வீட்டில் அடி விழுகிறது என்றால் அந்த அம்மாவுக்கு 181, பெண்கள் உதவி எண், இருக்கிறது, அதையும் சொல்லுங்கள். பெரியவனின் வகுப்பு ஆசிரியரிடம் அவளையே பேசச் சொல்லுங்கள். நீங்கள் கூட நில்லுங்கள்.

குன்னூர் வாசகி

கூப்பிட்டுவிட்டேன். அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் இருக்கும்போதே பேசினேன். இரண்டு பேர் வந்தார்கள், அதட்டவில்லை, அவளிடமும் பெரியவனிடமும் தனித்தனியாகப் பேசினார்கள். அவன் காலையில் ஒரு பேக்கரியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தானாம், அம்மாவுக்கே தெரியாது. அப்பாவைப் பார்க்க மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நிதி ஆதரவுக்கு எழுதலாமா என்று பார்க்கக் காகிதம் கேட்டார்கள். சின்னவளுடைய பிறப்புச் சான்றில் பெயரே இல்லை, 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கிறது. அவளுக்கு ஏழு வயது. இனி சேர்க்க முடியுமா?

கோத்தகிரி டீச்சர்

முடியும். பிறப்பு பதிவான நாளிலிருந்து 15 வருடம் வரை பெயர் சேர்க்கலாம், ஒரு வருடம் தாண்டிவிட்டதால் சின்னத் தாமதக் கட்டணம் மட்டும். பிறப்பு எங்கே பதிவானதோ அந்த அலுவலகத்தில் கேட்க வேண்டும். பள்ளியில் என்ன பெயர், என்ன எழுத்து இருக்கிறதோ அதே எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆதாரில் இடிக்கும். சனிக்கிழமை நான் குன்னூர் வருகிறேன், விண்ணப்பத்தை எழுதித் தருகிறேன்.