பொருள்: வர்க்கத்தால் வகுபடாத எண்ணுக்கு ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். நாளை மாலைக்குள் ஒரு கணிதப் பாடத்தைத் தமிழில் தரவேண்டும். பாடம் முழுக்க ஒரே எண்தான்: 510510. முதல் ஏழு பகா எண்களை (2, 3, 5, 7, 11, 13, 17) பெருக்கினால் வருவது. எதுவும் இரண்டு முறை வராததால் 4, 9, 25 என்று எந்த வர்க்கத்தாலும் வகுபடாது, 1 நீங்கலாக. ஆங்கிலத்தில் ‘ஸ்கொயர் ஃப்ரீ’. ‘வர்க்கமற்ற எண்’ என்று எழுதினால் பொதுவுடைமைச் சமுதாயம்தான் கண்முன் வருகிறது.

தமிழாசிரியர்:
வர்க்கம் வடசொல். சதுரம் என்று மாற்றினாலும் அதே கதை. ‘பகா எண்’ணைப் பாருங்கள், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், என்ன கச்சிதம்! அதே அச்சில் ‘மடியா எண்’ என்போம். இருமடி, மும்மடியில் உள்ள மடி.

கணக்கு ஆசிரியை:
ஐயா, பிள்ளைகள் சாகாத எண் என்று நினைப்பார்கள்.

தமிழாசிரியர்:
மடிதலின் மூலப்பொருள் வளைதலே என்று கொள்ளலாம், அம்மா. துணி மடிகிறது, உயிரும் மடிகிறது. வள்ளுவர் ‘மடியின்மை’யில் சொல்லும் சோம்பலும் சுருண்டு கிடப்பதிலிருந்து வந்தது என்பது என் துணிபு.

நிரலாளர்:
சோம்பாத எண்! பொருத்தம்தான். ஏழு பகா எண்களில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம், விடலாம். ஆக 128 வகுத்திகள். இன்னொன்று, 714 × 715 = 510510. அமெரிக்க பேஸ்பாலில் பேப் ரூத் மொத்தம் அடித்த ஹோம் ரன்கள் 714, அது அன்றைய சாதனை. 1974இல் ஹாங்க் ஆரன் தன் 715ஆவதை அடித்து அதை முறியடித்தார். 714இன் பகாக் காரணிகள் 2, 3, 7, 17. 715க்கு 5, 11, 13. கூட்டிப் பாருங்கள், இரண்டுமே 29. இப்படிப்பட்ட அடுத்தடுத்த எண்களுக்கு ரூத்-ஆரன் இணை என்றே பெயர்.

மொழிபெயர்ப்பாளர்:
அருமை. சொல்?

நிரலாளர்:
இரட்டா எண்.

கணக்கு ஆசிரியை:
510510 இரட்டைப்படை எண். அதைப் போய் ‘இரட்டா’ என்றால் வகுப்பே சிரிக்கும். ‘மீளாக்காரணி எண்’ சரிவருமா? 12இல் 2 மீண்டும் வருவதால் அது மீள்காரணி எண். எதிர்ச்சொல்லும் கையோடு கிடைக்கிறது.

தமிழாசிரியர்:
காரணியும் வடசொல்.

நிரலாளர்:
இந்த எண்ணே 510, 510 என்று மீள்கிறதே? 510ஐ 1001ஆல் பெருக்கியதுதான் இது; அந்த 1001 என்பது 7 × 11 × 13. இலக்கம் மீளும், காரணி மீளாது என்றால் குழம்பமாட்டார்களா?

கணக்கு ஆசிரியை:
குழம்பட்டும். அதை விளக்கத்தானே நான் இருக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
சரி, ‘மீளாக்காரணி எண்’ என்றே போடுகிறேன், முதல் இடத்தில் விளக்கத்தோடு. அப்புறம், கடைசிப் பயிற்சி 510511. ஒன்று கூட்டினால் பகா எண் வந்துவிடும் என்று மாணவர்கள் அவசரப்படுவார்களாம். அது 19 × 97 × 277. அதுவும் மீளாக்காரணி எண்தான், நம் சொல் அங்கேயும் உட்கார்ந்துவிட்டது.

தமிழாசிரியர்:
அனுப்புங்கள். ஆனால் அடிக்குறிப்பில் ‘மடியா எண் என்றும் கூறுவர்’ என்று ஒரு வரி இருக்கட்டும்.

கணக்கு ஆசிரியை:
யார் கூறுவர், ஐயா?