விவாகரத்து வழக்கு எடுக்கும் சீனியரிடம் ஜூனியராகச் சேரலாமா?

பாலக்கோடு_மாணவி:
தருமபுரி அரசு சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறேன். வக்கீலாகப் பதிவு (என்ரோல்) ஆனதும் கிருஷ்ணகிரியில் ஒரு மேடமிடம் ஜூனியராகச் சேரலாம் என்று பேசி வைத்திருக்கிறேன். ரொம்ப வருஷ அனுபவம் உள்ளவர், முக்கால்வாசி விவாகரத்தும் ஜீவனாம்சமும்தான் எடுப்பார். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு நாள் பூரா டைவர்ஸ் கேஸ் பார்க்கணுமா, நிலத் தகராறு எடுக்கிற வக்கீலிடம் போ என்கிறார். இந்தப் பக்கமே இருப்பவர்கள் சொல்லுங்கள், இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது, பிழைப்பு ஓடுமா?

ஓசூர்_வக்கீல்:
தாராளமா சேரும்மா. இதில் தொழில் என்பது கோர்ட்டில் பேசுவதை விட, வந்து உட்கார்ந்த கட்சிக்காரரிடம் சரியான கேள்வி கேட்பதுதான். அழுகையும் மாமியார் கதையும் முதலில் வரும், வரட்டும், குறுக்கே பேசாதே. அப்புறம் தேதி கேள். கடைசியாக எந்த வீட்டில் சேர்ந்து இருந்தீர்கள், எப்போது பிரிந்தீர்கள் என்று. புருஷன் பெங்களூரில் வேலை, கல்யாணம் தருமபுரியில், பொண்ணு இப்போது பென்னாகரத்தில் அம்மா வீட்டில் என்று வரும் வழக்குதான் இங்கே அதிகம். இந்து திருமணச் சட்டத்தில் 2003-இல் திருத்தம் வந்த பிறகு மனைவி தான் இருக்கும் ஊரிலேயே மனு போடலாம், பாதிப் பேருக்கு இது தெரியாது.

ஜீவனாம்சத்தில்தான் உண்மையான வேலை இருக்கிறது. 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு இரண்டு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாம் எழுதி அஃபிடவிட் போடணும். சிப்காட்டில் வேலை என்றால் சம்பளச் சீட்டு இருக்கும். மாந்தோப்புக்காரர் 'வருமானமே இல்லை' என்று எழுதுவார். தோப்பை இந்த வருஷம் குத்தகைக்கு எடுத்த வியாபாரி யார், பெங்களூரா ரக மாமரம் எத்தனை, அட்வான்ஸ் யார் கையில் வாங்கினார்கள் என்று அந்தப் பொண்ணிடமே கேட்டால் எல்லாம் சொல்லும், ஏனென்றால் காய் பறிக்கும்போது ஆளுக்குச் சோறு போட்டது அதுதான். இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படிக்க முடியாது. ஓசூர் பக்கம் வருவதாக இருந்தால் தெலுங்கும் கன்னடமும் கொஞ்சம் பழகிக்கொள்.

தருமபுரி_அக்கா:
அப்பாவிடம் ஒன்று சொல்லு தங்கச்சி. நம்ம மாவட்டத்தில் குழந்தைத் திருமணம் இன்னும் நிற்கவில்லை. பதினாறு வயதில் கட்டிக்கொடுத்த பொண்ணு 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி இருபது வயது முடிவதற்குள் கோர்ட்டுக்கு வந்தால் அந்தக் கல்யாணமே செல்லாது என்று உத்தரவு வாங்கலாம். விவரம் சொல்ல ஆள் இல்லாமல் இருபத்திரண்டு வயதில் கையில் குழந்தையோடு வந்து நிற்பவர்களைப் பார்க்கிறேன், அப்போது விவாகரத்து ஒன்றுதான் வழி, அதற்கு எத்தனை வாய்தா ஆகுமோ. இந்த வேலைக்குப் பொம்பள வக்கீல் கட்டாயம் வேணும், பல விஷயத்தை ஆம்பளை வக்கீலிடம் வாய் திறந்து சொல்லவே மாட்டார்கள்.

வருமானம் மெதுவாகத்தான் வரும். சென்னை, மதுரை, கோவை தவிர மற்ற ஊர்களில் ஜூனியருக்கு மாசம் 15,000 தரணும் என்று 2024-இல் உயர் நீதிமன்றம் சொல்லி, பார் கவுன்சிலும் சுற்றறிக்கை விட்டது. எல்லா ஆபீஸிலும் கிடைக்காது, அதனால் சேரும்போதே பேசிவிடு, கூச்சப்படாதே.

காவேரிப்பட்டணம்_ரவி:
நான் வக்கீல் இல்லை, வழக்கு நடத்தியவன். என் வக்கீல் முதல் நாளே சொன்னது, பொண்டாட்டி மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் பிள்ளைக்குப் பணம் நிறுத்தாதீங்க, கையில் கொடுக்காமல் பேங்கில் போடுங்க. ஸ்கூல் பீஸ் ரசீது உட்பட எல்லாம் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்க உத்தரவு கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அவர் நினைத்திருந்தால் என்னைத் தூண்டிவிட்டு இன்னும் நாலு மனு போட்டு பீஸ் வாங்கியிருக்கலாம்.

பாலக்கோடு_மாணவி:
எல்லோருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம். குடும்ப நீதிமன்றச் சட்டம் 13ஆம் பிரிவில் வக்கீல் வைத்துக்கொள்வது உரிமை இல்லை என்று இருக்கிறதே, அப்புறம் எப்படி ஆஜராகிறீர்கள்?

ஓசூர்_வக்கீல்:
அனுமதி கேட்டு மனு போட்டுத்தான்மா, பெரும்பாலும் தந்துவிடுவார்கள். ஆனால் கவுன்சிலிங் அறையில் கட்சிக்காரர் தனியாகத்தான் பேசணும், அதற்கு அவரை முன்கூட்டியே தயார் செய்வது ஜூனியர் வேலை. சேருவதற்கு முன்னால் மேடமிடம் முடிந்துபோன வழக்குக் கட்டு ஒன்றிரண்டு கேட்டு வாங்கி மனுவையும் எதிர்மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. தீர்ப்பைக் கடைசியில் பார்.